மிச்சமாகும் நேரம் யாருக்கு? போகும் நிலம் யாருடையது?



ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தாச்சு. 2024 ஜூன் 27-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110-ஆம் விதியின் கீழ் இதை அறிவித்தார். 2,000 ஏக்கர் நிலம், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் என்பதுதான் அறிவிப்பு. 2025-இல் பேரிகை, பாகலூர் பக்கம் இடம் பார்த்திருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எந்தத் திட்டத்தின் பேர் அடிபட்டாலும் ஊருக்குள் முதலில் வருவது அதிகாரி ஜீப் இல்லை, புரோக்கர் காருதான். அது உங்களுக்கே தெரியும்.

"விமான நிலையம் வந்தால் பயண நேரம் குறையும், தொழில் வளரும், ஊர் முன்னேறும்" என்கிறார்கள். நாம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கிறவர்கள் இல்லை. மண்டியில் தக்காளி இறக்கினால் பெட்டிக் கணக்கு, கமிஷன் கணக்கு, வண்டி வாடகைக் கணக்கு எல்லாம் பார்த்துத்தான் கை நீட்டிப் பணம் வாங்குகிறோம். 2,000 ஏக்கர் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாதா? அவர்கள் சொல்லும் "நேரம்" என்கிற கணக்கையே எடுத்துக்கொண்டு பார்ப்போம், வாருங்கள்.

வானத்தில் முக்கால் மணி, தரையில் அரை நாள்

சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். விமானம் வானத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய முக்கால் மணி. ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி, ஒரு மணி பத்து நிமிஷம் என்று போட்டிருக்கும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகணும், முறை வரும் வரை நிற்கணும், இறங்கின பிறகு வாசலுக்கு வந்து சேரணும். தூரம் குறைவு என்பதற்காக இந்த நேரம் குறையாது. டில்லிக்குப் போனாலும் இதே காத்திருப்புதான், சென்னைக்குப் போனாலும் இதே காத்திருப்புதான்.

இது விமானத்துக்குள் ஆகும் நேரம். வெளியே ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓசூரிலிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ரோட்டில் போனால் 75 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெங்களூர் நகரம் முழுசும் குறுக்கே நிற்கிறது. சில்க் போர்டும் ஹெப்பாளும் தாண்ட இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னாடியே உள்ளே போய்விடணும். டிக்கெட் நேரம் ஒரு மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து சென்னை நகருக்குள் போக ஒரு மணி. கூட்டிப் பாருங்கள், ஆறரை மணி நேரம் ஆச்சு.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாகச் சென்னை போக 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதற்கும் ஆறு, ஆறரை மணிதான். ஆகாயத்தில் போனவரும் அரசு பஸ்ஸில் போனவரும் ஒரே நேரத்தில் சேருவார்கள்.

"அதனால்தான் உங்க ஊரிலேயே விமான நிலையம் வேணும்" என்பார்கள். அதையும் கணக்குப் போடுவோம். பேரிகை பக்கம் விமான நிலையம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து போய்ச் சேர அரை மணி. மற்ற காத்திருப்பு எல்லாம் அதேதான். மொத்தம் நாலரை மணி. பஸ்ஸை விட இரண்டு மணி நேரம் மிச்சம், காரை விட ஒரு மணி சுமார் மிச்சம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் ரயிலே இன்று சுமார் நாலரை மணியில் போய்விடுகிறது. 2022-இல் அடிக்கல் நாட்டிய சென்னை – பெங்களூர் விரைவுச் சாலை 262 கிலோமீட்டர். அது முழுசாகத் திறந்தால் காரில் போகிறவருக்கு இந்த மிச்சமும் இருக்காது.

இது உலகத்துக்கே தெரிந்த கணக்கு. பிரான்ஸ் நாட்டில் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற சில ஊர்களுக்கு நடுவே விமானம் விடக் கூடாது என்று 2023-இல் சட்டமே அமலுக்கு வந்தது. குறைந்த தூரத்துக்கு ரயில்தான் லாபம் என்று பணக்கார நாட்டுக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டான்.

அப்படியானால் 3 கோடி பேர் யார்?

சென்னைக்குப் போக இது தேவையில்லை என்றால், வேறு எதற்கு? டில்லி, மும்பை, துபாய், சிங்கப்பூர் போகத்தான். தூரப் பயணத்தில் விமானத்துக்கு லாபம் உண்டு, இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் போகிறவர் யார் என்று கேட்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 18.8 லட்சம். 3 கோடி பயணிகள் என்றால், கைக்குழந்தையிலிருந்து கோல் ஊன்றும் பாட்டி வரைக்கும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு எட்டுத் தடவை விமானத்தில் போய்த் திரும்ப வேண்டும்! கோயம்புத்தூர் எவ்வளவு பெரிய தொழில் நகரம்? அங்கே வருஷத்துக்கு 30 லட்சத்தைச் சுற்றித்தான் பயணிகள். அதைப் போல பத்து மடங்கு ஓசூருக்கு எங்கிருந்து வரும்? எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்டு பகுதியிலிருந்து வரும். தேவனஹள்ளிக்குப் போக அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஓசூர் பக்கம் என்றால் சீக்கிரம் வந்துவிடுவார்கள். ஆக, இது ஓசூர் விமான நிலையம் என்ற பேரில் பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம். மிச்சமாகும் நேரம் அவர்களுக்கு. போகும் நிலம் நம்முடையது.

கர்நாடக அரசும் சும்மா இல்லை. கனகபுரா ரோட்டில் இரண்டு இடம், நெலமங்களா – குனிகல் ரோட்டில் ஒரு இடம் என்று இரண்டாவது விமான நிலையத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய விமான நிலைய ஆணையக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு அரசும் போட்டி போட்டு ஓடுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிதிபடப் போவது விவசாயிதான். அங்கே கன்னடம் பேசுகிறவன், இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறவன். மொழி வேற, பாடு ஒன்றுதான்.

2033 வரைக்கும் பூட்டு

இன்னொரு விஷயம் நம்மில் பலருக்குச் சொல்லப்படவில்லை. தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. அதற்கு மத்திய அரசு போட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில், 25 வருஷம், அதாவது 2033 வரைக்கும், 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புது விமான நிலையத்துக்குத் தடை இருக்கிறது. மைசூர், ஹாசன் மாதிரி சில இடத்துக்குத்தான் விலக்கு. ஓசூர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 2017-இல் உதான் திட்டத்தின் முதல் பட்டியலில் ஓசூர் பேரும் இருந்தது. பேளகொண்டப்பள்ளியில் ஏழாயிரம் அடி நீளத்துக்குத் தனியார் ஓடுதளம் தயாராகவே இருந்தும் பயணிகள் விமானம் வரவில்லை. அது மட்டுமா? ஓசூர் வானத்தின் மேல் பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. பாதுகாப்புத் துறை சம்மதிக்காமல் அங்கே புது விமான நிலையம் நடத்த முடியாது.

வானத்துக்கு அனுமதி கைக்கு வரும் முன்னால் தரைக்கு ஏன் அவசரம்? சர்வே நம்பர் பட்டியலில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பேங்கில் லோன் கேட்டால் யோசிப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு ஒரு ஏக்கரை விற்கலாம் என்றால் வாங்க ஆள் வராது. போர் போடலாமா, சொட்டு நீர் போடலாமா, மாங்கன்று நடலாமா என்று ஒவ்வொரு வருஷமும் கை நடுங்கும். விமானம் வருகிறதோ இல்லையோ, விவசாயம் நின்றுபோகும்.

"நேரம் குறையும்" என்பது பழைய பாட்டு

2018-இல் சென்னை – சேலம் எட்டு வழிச்சாலைக்கும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். 277 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றார்கள். பக்கத்துத் தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் தென்னந்தோப்புக்குள் கல் நட்டார்கள். மக்கள் விடவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி நில எடுப்பைத் தொடரலாம் என்றது. 2022-இல் பரந்தூர் விமான நிலையம் என்றார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அன்று போராட்டத்தில் உட்கார்ந்த ஏகனாபுரம் மக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் சேர்ந்து வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

விமான நிலையம் தன் காம்பவுண்டுச் சுவரோடு நிற்காது என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. தேவனஹள்ளி விமான நிலையத்தை ஒட்டி விமானத் தொழில் பூங்கா என்று சொல்லி, சென்னராயபட்டணா பகுதியில் 13 கிராமங்களில் 1,777 ஏக்கரை எடுக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்த விவசாயிகள் மூன்று வருஷத்துக்கு மேல் விடாமல் போராடினார்கள். 2025 ஜூலை 15-ஆம் தேதி கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அந்த நில எடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார். முதலில் ஓடுதளம், பிறகு பூங்கா, பிறகு ரிங் ரோடு, பிறகு லேஅவுட். இதுதான் வரிசை. அதை நிறுத்தியதும் ஒற்றுமைதான்.

தூர தேசத்துக் கதையும் ஒன்று சொல்கிறோம். கனடாவில் மான்ட்ரியால் நகருக்காக மிராபெல் என்ற இடத்தில் 1969-இல் 97,000 ஏக்கர் விவசாய நிலத்தை அரசாங்கம் எடுத்தது. 1975-இல் விமான நிலையம் திறந்தது. நகரத்திலிருந்து வெகு தூரம். போக ரயில் வரும் என்றார்கள், வரவே இல்லை. பயணிகள் பழைய விமான நிலையத்தை விட்டு வர மறுத்தார்கள். 2004-இல் பயணிகள் விமானம் அடியோடு நின்றது. பிறகு கட்டடத்தையே இடித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் விரட்டப்பட்ட குடும்பத்தின் இத்தனை வருஷத்தை யார் திருப்பிக் கொடுத்தது?

நம்ம நேரத்தை யார் அளக்கிறார்கள்?

அவர்கள் கடிகாரத்தில் நிமிஷம் ஓடுகிறது. நம்ம கடிகாரம் வேற. கொத்தமல்லி 40 நாள். ராகி நாலு மாசம். தக்காளி நாற்று நட்டு முதல் பழம் பறிக்க இரண்டு மாசத்துக்கு மேல். மா ஒட்டுக்கன்று நட்டால் நாலைந்து வருஷம். ஒரு மேட்டு நிலத்தைக் கல் பொறுக்கி, வரப்புப் போட்டு, எருவடித்துச் செம்மண் காடாக ஆக்க ஒரு தலைமுறை. இழப்பீடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனால் அது இன்னொரு தலைமுறை.

பயண நேரத்தைப் பற்றித்தான் கவலை என்றால், எங்கள் பயண நேரத்தைக் குறையுங்கள் என்கிறோம். 2004-இல் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது! 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். மொரப்பூர் – தருமபுரி பாதை 1913-இல் ஓசூர் வரைக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயம் 1941-இல் இரண்டையும் மூடினார்கள். ஓசூருக்குச் சேலம் – பெங்களூர் லைன் பின்னால் வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவே இல்லை. ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் ரயில் பாதை வேண்டும் என்று எத்தனை மனு! எத்தனை சர்வே! அந்தப் பாதை வந்தால் ஓசூரிலிருந்து சென்னைக்குப் பெங்களூரைச் சுற்றாமல் நேராகப் போகலாம். படிக்கிற பிள்ளை போகும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போவார், ராயக்கோட்டை தக்காளியும் போத்தாபுரம்… எந்த ஊர் மாங்காயும் போகும். ரயிலுக்கும் நிலம் வேண்டும்தான். ஆனால் அது ஒரு கோடு மாதிரி போகும், 2,000 ஏக்கரை ஒரே இடத்தில் வாரிக்கொண்டு போகாது.

வேலையும் பூவும்

"பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்று நம்ம வீட்டு இளைஞர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1970-களிலிருந்து ஓசூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. சூளகிரி வரைக்கும் வளர்ந்துவிட்டது. நிலம் கொடுத்த குடும்பத்தில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு கான்ட்ராக்ட் வேலை என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எடுத்து வேலி போட்டுச் சும்மா கிடக்கும் நிலத்தை முதலில் பயன்படுத்துங்கள் என்கிறோம். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் மக்கள் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து 2023-இல் உட்கார்ந்ததும் இதே கேள்வியோடுதான்.

"ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்ப விமானம் வேண்டுமே" என்கிறார்கள். பசுமைக்குடில் ரோஜாவுக்கு விமானம் வேண்டும், உண்மைதான். பிப்ரவரி காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா பெங்களூர் வழியாகப் போகிறது. ஆனால் பூ பயிராகும் மண்ணையே எடுத்து ஓடுதளம் போட்டால் எதை ஏற்றுவது? இரண்டு ஏக்கர்க்காரன் தக்காளியும் முட்டைக்கோஸும் விமானத்தில் போகாது. அவனுக்கு வேண்டியது குளிர்பதனக் கிடங்கு, மாம்பழத்துக்குக் கட்டுப்படியாகும் விலை, நுரை பொங்காத கெலவரப்பள்ளித் தண்ணீர்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013 நில எடுப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி 2014 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி முதலில் சமூகத் தாக்க ஆய்வு நடத்தி, ஊரில் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம் பேர் சம்மதம், தனியார் திட்டம் என்றால் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும். இருபோகம், முப்போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில்தான் தொடலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டப்படி உண்டு என்கிறார்கள். சமூகத் தாக்க ஆய்வும் சம்மதமும் மட்டும் இதில் கிடையாது! 2019-இல் சட்டமன்றத்தில் இதற்கு மறுஉயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பரந்தூரில் கையில் எடுத்தது இந்தச் சட்டத்தைத்தான். போதாததற்கு 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வேறு. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்கு ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. ஏரி போனால் பக்கத்தில் இருக்கும் நம்ம போரில் தண்ணி எங்கிருந்து ஊறும்?

இப்போதே செய்ய வேண்டியது

புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வெற்றுப் பத்திரத்திலும் பவர் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்குங்கள். செத்துப்போன தாத்தா பேரில் இருக்கும் பட்டாவை வாரிசு பேருக்கு மாற்றுங்கள். கிணறு, போர், மாமரம், தென்னை எல்லாம் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ. ஆபீசில் பாருங்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள், வாயால் திட்டிவிட்டும் வராதீர்கள். கெடு தேதிக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, கையெழுத்தும் சீலும் வாங்கிய நகலைப் பத்திரமாக வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். பட்டா ஆம்பளை பேரில் இருக்கலாம், களை எடுத்தது பெண்கள்தானே.

நம் கோரிக்கைகள்

1. ஓசூர் விமான நிலையத்தால் யாருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், எத்தனை குடும்பம் வெளியேறும் என்ற முழு ஆய்வறிக்கையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சியிலும் வை!

2. 150 கிலோமீட்டர் ஒப்பந்தத்துக்கும் பாதுகாப்புத் துறை அனுமதிக்கும் பதிலை எழுத்தில் காட்டாமல் ஒரு கல்லும் நடாதே!

3. 1997 சட்டத்தையும் 2023 சட்டத்தையும் தூக்கி வராதே! 2013 சட்டப்படி ஆய்வு நடத்து, சம்மதம் கேள்!

4. பாசன நிலத்தையும் ஏரியையும் ஓடையையும் தொடாதே!

5. எடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடக்கும் நிலத்தை 2013 சட்டத்தின் 101-ஆம் பிரிவின் வழியில் உரியவருக்கே திருப்பிக் கொடு!

6. ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் ரயில் பாதையை முதலில் போடு!

விவசாயப் பெருமக்களே! ஒரு ஊர் தனியாக நின்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். சுத்துப்பட்டு ஊர் எல்லாம் சேர்ந்து நின்றால் உட்கார்ந்து பேசுவார்கள். சென்னராயபட்டணா விவசாயிகள் அதைச் செய்து காட்டினார்கள். உங்கள் ஊருக்குச் சங்கத் தோழர்கள் வரும்போது சர்வே நம்பர் பட்டியலோடு வாருங்கள். ஊர்க் கூட்டத்தில் பேசி, போராட்டத் தேதியைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.

அவர்கள் வானத்தில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பறக்கட்டும். அதற்கு எங்கள் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணை உருவக் கூடாது!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்